முதுமாணி ஆய்வேட்டுக்கு உரிய நேரத்தைக் கொடுங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து ஆசிரியர்களுக்கும், அங்கும் பேராதனையிலும் மொறட்டுவையிலும் பட்டப்பின் படிப்பில் இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பொறியியல் முதுமாணிக் கற்கைநெறி ஒன்றை வெளி மீளாய்வாளர்கள் பார்த்து அறிக்கை தந்த பிறகு, அந்த அறிக்கைக்குப் பீடம் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது பற்றியே இம்மடல். பாடத்திட்டத்தைத் திருத்துவது, கற்றல் பேறுகளை மறுபடி எழுதுவது, குழுக் கூட்ட அறிக்கைகளை ஒழுங்காக அடுக்கி வைப்பது என்று பதில் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் முதுமாணிப் பட்டத்தின் தரம் கடைசியில் நிர்ணயமாவது மாணவர் எழுதும் ஆய்வேட்டில்தான். அதற்கு ஒதுக்கும் நேரம், அதை வழிநடத்தும் மேற்பார்வையாளரின் கவனம், அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் பரீட்சகரின் கண்டிப்பு ஆகியவை மாறாதவரை வேறு எதை மாற்றினாலும் படிப்பு மாறப்போவதில்லை. ஆகவே மீளாய்வுக்குப் பிந்திய திருத்தத்தை ஆய்வேட்டில் இருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியார் வந்து பார்ப்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள நமக்குக் காரணமே இல்லை. 1832 இல் இங்கிலாந்தில் டரம் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, தன் பட்டத்தை உலகம் நம்ப வேண்டும் என்பதற்காக ஒக்ஸ்போர்ட்டில் இருந்து பரீட்சகர்களை அழைத்தது. வெளிவாரிப் பரீட்சகர் என்ற வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. நம் நாட்டின் உயர்கல்வியும் அப்படித்தான் பிறந்தது: 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே மாணவரைத் தயார்செய்தது, சொந்தப் பட்டம் வழங்கும் உரிமை 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தபோதே கிடைத்தது. இளமாணிப் பொறியியல் பட்டத்துக்கு இன்றும் வலுவான ஒரு வெளிக்காவல் இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர்கள் நிறுவனம் அதைத் தரம் பார்த்து அங்கீகரிக்கிறது. 2014 இல் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடானதால் அந்த அங்கீகாரத்துக்கு வெளிநாடுகளிலும் மதிப்புண்டு. ஆனால் அந்த உடன்படிக்கை முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது. முதுமாணிப் பட்டத்தை வெளியில் இருந்து சரிபார்ப்பவர்கள் மீளாய்வுக் குழுவும் ஆய்வேட்டின் வெளிப் பரீட்சகருமே. இந்த இரண்டும் பெயருக்கு நடந்தால் பட்டத்தைக் காக்க வேறு எதுவும் மிஞ்சாது.

மீளாய்வு எதை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட கைநூல், இளமாணிக் கற்கைநெறிகளை எட்டு அளவுகோல்களில் மதிப்பிடுகிறது. நிர்வாகம், ஆளணியும் வளங்களும், கற்கைநெறி வடிவமைப்பு, பாட வடிவமைப்பு, கற்பித்தல், மாணவர் ஆதரவு, மதிப்பீடு, புதுமையான நடைமுறைகள் என அவை விரிகின்றன. ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆவணச் சான்று. பட்டப்பின் படிப்புக்கு மீளாய்வு வரும்போதும் நம் பீடங்கள் பழகியிருப்பது இந்த முறைக்குத்தான். இதனால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. புள்ளியிடும் திட்டம் எழுத்தில் இருப்பது, வினாத்தாளை இன்னொருவர் சரிபார்ப்பது, மாணவரின் கருத்தைக் கேட்பது எல்லாம் வழக்கமானதற்கு இம்முறை ஒரு முக்கிய காரணம். ஆனால் சில நாட்களில் வந்து போகும் குழு காகிதத்தைப் பார்க்கலாம், கூடங்களைச் சுற்றிவரலாம், மாணவரோடு ஒரு மணி நேரம் பேசலாம். ஒரு மாணவரும் மேற்பார்வையாளரும் இரண்டு ஆண்டுகளாக ஒரு கேள்வியோடு எப்படிப் போராடினார்கள், அல்லது போராடாமல் விட்டார்கள் என்பது அவர்கள் கண்ணில் எளிதில் படாது. அதனால் அறிக்கையின் பரிந்துரைகளும் காகிதத்தை நோக்கியே சாய்கின்றன. பீடமும் எளிதாகச் செய்யக்கூடியதை முதலில் செய்து, அதோடு திருப்திப்பட்டுவிடுகிறது.

இனி நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைகள் சட்டகம் 12 மட்டங்களைக் கொண்டது. அதன் 9 ஆம் மட்டத்தில் பாடங்களால் ஆன முதுமாணி: 30 கிரெடிட், ஓராண்டு. 10 ஆம் மட்டத்தில் ஆய்வும் சேர்ந்த முதுமாணி: 60 கிரெடிட், இரண்டாண்டு, அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்கு. பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் சொந்தமாகப் படிக்கும் நேரமும் சேர்ந்து 50 மணி நேரம். ஆய்வில் ஒரு கிரெடிட் 100 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள். ஆய்வுக்கு 1,500 மணி, மீதி 45 கிரெடிட்டுக்கு 2,250 மணி, ஆக 3,750 மணி நேரம். இதை 104 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 36 மணி நேரம் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு முழுநேர வேலை. வீதி அபிவிருத்தி அதிகார சபையிலோ மின்சார சபையிலோ தனியார் ஒப்பந்த நிறுவனத்திலோ வாரம் நாற்பது மணி வேலை செய்துவிட்டு சனி, ஞாயிறில் விரிவுரைக்கு வரும் ஒரு பொறியியலாளரால் இதை இரண்டாண்டில் முடிக்க முடியாது. வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தாலும் 250 வாரங்கள், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். நேரம் போதாதபோது விரிவுரைகளைச் சுருக்க முடியாது. அவற்றுக்கு நேரசூசி உண்டு, வரவுப் பதிவு உண்டு, பரீட்சை உண்டு. சுருங்குவது ஆய்வுதான். 1,500 மணி நேரத்துக்குரிய வேலை 300 மணி நேரத்தில் முடிந்தால் அதைக் கண்டுபிடிக்கும் எந்த ஆவணமும் கோப்பில் இராது. கற்றல் பேறுகளின் அட்டவணை அப்போதும் நிறைவாகவே இருக்கும். இதனால்தான் திருத்தம் ஆய்வேட்டில் தொடங்க வேண்டும் என்கிறேன்.

அந்த மணி நேரங்களால் என்ன கிடைக்கும் என்பதற்கு வடமராட்சி மண்ணின் பிள்ளை ஒருவரின் வேலையையே எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் அழகையா துரைராஜா பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர். பின்னாளில் பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994 இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அவருடைய கேம்பிரிட்ஜ் ஆய்வு, கயோலின் களியும் மணலும் வெட்டு விசைக்கு உட்படும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றியது. மண்ணை வெட்டு விசைக்கு உட்படுத்தினால் அது உருமாறுவதோடு கனவளவிலும் மாறும். தளர்ந்த மண் சுருங்கும், இறுகிய மண் விரியும். இந்த இரு மாற்றங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், மண்ணுக்குள் செலவாகும் சக்தியைக் கணக்கிடுவது அன்று பெரிய சிக்கலாக இருந்தது. துரைராஜா பரிசோதனைத் தரவுகளை எடுத்து, ஒவ்வொரு சிறு அடியிலும் உள்ளே போன வேலை எவ்வளவு, மீண்டது எவ்வளவு, உராய்வில் கரைந்தது எவ்வளவு என்று பொறுமையாகப் பிரித்துக் கணக்கிட்டார். கரைந்துபோகும் சக்தி, மண்துகள்கள் தாங்கும் அழுத்தத்தையும் வெட்டு உருமாற்றத்தையும் ஓர் உராய்வு மாறிலியையும் மட்டுமே சார்ந்திருக்கிறது, கனவளவு மாற்றம் அதில் தனியாகத் தலையிடுவதில்லை என்று தெரிந்தது. அந்த எளிய உறவின் மீதுதான் கேம் களி மாதிரி எழுந்தது. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா என்ற மூன்று பெயர்களோடு 1963 இல் ‘ஜியோடெக்னிக்’ சஞ்சிகையில் வந்த கட்டுரை, இன்றும் உலகெங்கும் மண்ணியற் பொறியியல் மாணவர் படிக்கும் அடிப்படைகளில் ஒன்று. அணைக்கட்டும் சுரங்கமும் வடிவமைக்கும் கணினி மென்பொருட்களில் இந்த மாதிரியின் வழிவந்தவை இருக்கின்றன.

அவர் செய்தது கலாநிதி ஆய்வு, இடம் கேம்பிரிட்ஜ், ஒரு முதுமாணி மாணவரோடு ஒப்பிடுவது சரியா என்று நீங்கள் கேட்கலாம். எல்லா மாணவரும் புதிய கோட்பாடு கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் காட்ட விரும்புவது வேலையின் தன்மையை. பெரிய இயந்திரத்தால் வந்த பலன் அல்ல அது. கிடைத்த தரவோடு ஒருவர் நீண்ட நேரம் தனியே இருந்ததாலும், அந்த நேரத்தில் கூடவே கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இருந்ததாலும் வந்தது. மண் பரிசோதனைக்கூடம் இல்லாத குடிசார் பொறியியல் துறை நம் நாட்டில் இல்லை. இல்லாமல் போவது அந்த நேரமும் அந்தக் கேள்வியும்தான்.

ஆய்வுக்குக் கேள்வி இல்லை என்று வடக்கில் எவரும் சொல்ல முடியாது. எங்கள் கரவெட்டிக்குத் தெற்கே வடமராட்சி ஏரி கிடக்கிறது. அதன் வாயில் தொண்டைமானாற்றுத் தடுப்பணை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு, ஆனையிறவு ஏரியின் மழைநீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி ஏரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, கடல்நீரை அணைகளால் தடுத்து, ஏரிகளை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று இன்றும் மக்கள் பேசும் அந்தத் திட்டம் எழுபது ஆண்டுகள் கடந்தும் முழுமை பெறவில்லை. இதற்கிடையில் 2024 ஓகஸ்ட்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. ஏரிப்படுகையில் படிந்த உப்பு எத்தனை மாரிமழையில் கழுவப்படும்? தடுப்பணைக் கதவுகளில் கசிவு இருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவு மாறும்? ஏரி நன்னீரானால் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணறுகளில் உப்பு எவ்வளவு குறையும்? சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து கடலுக்குத் திரும்பும் உப்புக் கழிவுநீர் கரையோர மீன்பிடியில் என்ன செய்யும்? இவற்றில் எந்த ஒன்றும் ஒரு நல்ல முதுமாணி ஆய்வேடு. நான்கும் சேர்ந்தால் ஒரு பீடத்தின் பத்தாண்டு வேலை. பளையிலும் மன்னாரிலும் சுழலும் காற்றாலைகளைப் பற்றியும் இதுபோல் எழுதலாம், இடம் போதாது.

சுன்னாகத்தில் நடந்ததை மட்டும் சொல்லாமல் விட முடியாது. மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்ற முறைப்பாடு 2014, 2015 காலத்தில் குடாநாட்டையே உலுக்கியது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் மாசு உண்டு என்றன. மாகாண சபை நியமித்த நிபுணர் குழு வேறுவிதமாகச் சொன்னது. தண்ணீரைக் குடிப்பதா, விடுவதா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தபோதே பதில் கிடைத்தது. ஒரு கிணற்றில் எண்ணெய் இருக்கிறதா என்ற கேள்விக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டி வந்தது என்றால், அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்தக் கிணறுகளின் நீரைத் தொடர்ச்சியாக அளந்து, முறை வழுவாமல் பதிந்து, எல்லோரும் பார்க்கும்படி வைத்த தரவு போதிய அளவு இல்லை என்றே பொருள். அத்தகைய தரவை அமைதியாகச் சேர்க்கும் வேலை ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மாணவருக்கே உரியது. அரச திணைக்களத்துக்கு அன்றாடக் கடமை இருக்கும். நிறுவனத்துக்கு நலன் இருக்கும். மாணவருக்கு இருப்பது கேள்வி மட்டுமே.

இனி, எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். ஆசிரியர் பற்றாக்குறை என்பதே முதலில் வரும், அது உண்மையான தடையும் கூட. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் நாட்டைவிட்டுப் போவது பெருகியது. மேற்படிப்புக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. இருப்பவர்கள் இளமாணி வகுப்புகளிலேயே களைத்துப்போகிறார்கள். ஆனால் இந்தத் தடையில் இருந்து எதிர்மாறான முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஆட்கள் குறைவு என்றால் மாணவர் தொகையையும் குறையுங்கள். ஒரு மேற்பார்வையாளர் ஒரே நேரத்தில் எத்தனை ஆய்வேடுகளை ஏற்கலாம் என்று எழுத்தில் ஓர் எல்லை வையுங்கள். அதற்கு மேல் அனுமதி இல்லை. பட்டப்பின் படிப்பு கட்டணம் பெறும் படிப்பு என்பதால் இடங்களைக் கூட்டும் ஆசை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. தமிழ்நாட்டிலே பொறியியல் கல்லூரிகள் முதுநிலை இடங்களை அள்ளித் திறந்து, பின் அவற்றில் பெருமளவு வெறுமையாகக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தவிர, இணை மேற்பார்வைக்குப் பேராதனையும் மொறட்டுவையும் இருக்கின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் துறைசார் பதவிகளில் இருக்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். விழாவுக்கு வந்து உரையாற்றும்படி அவர்களை அழைப்பதைவிட, மாதம் ஒருமுறை ஒரு மாணவரின் வரைபுகளை இணையவழி உட்கார்ந்து பார்க்கும்படி கேட்பது பயன் தரும். அதற்கான நியமனக் கடிதமும் பொறுப்பும் முறைப்படி கொடுக்கப்பட வேண்டும்.

உள்ளூர்ப் பிரச்சினைகளில் முடங்கினால் சர்வதேசச் சஞ்சிகைகளில் இடம் கிடைக்காது, பல்கலைக்கழகத் தரவரிசை உயராது என்பது அடுத்த ஆட்சேபம். சுண்ணாம்புக்கல் நிலத்தில் நன்னீரும் உப்புநீரும் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. புளோரிடாவும் மெக்சிக்கோவின் யுக்கத்தான் குடாநாடும் மோல்ட்டாவும் அதே கேள்வியோடு இருக்கின்றன. நம்மிடம் இருக்கும் தரவு வேறெவரிடமும் இல்லை என்பதுதான் நம் பலம். வெளியூரில் ஏற்கனவே ஆயிரம் பேர் செய்துவிட்ட கணினி உருவகப்படுத்தலை இங்கே இன்னொருமுறை செய்வதில் அந்தப் பலம் வீணாகிறது.

வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்குக் கடினமாகிவிடும் என்பது நியாயமான கவலை. அவர்களில் பலர் வீட்டுப் பொறுப்பும் சுமப்பவர்கள். இதற்கு நேர்மையான வழி, தகைமைகள் சட்டகம் தந்திருக்கும் இரண்டு வாசல்களையும் திறந்து வைப்பது. துறை அறிவைப் புதுப்பிக்க வருபவர் 9 ஆம் மட்டத்தில் 30 கிரெடிட் செய்து கௌரவமாக முதுமாணி பெறட்டும். அதில் எந்தக் குறைவும் இல்லை. 10 ஆம் மட்டத்துக்கு வருபவர் அந்த 1,500 மணி நேரத்தை உண்மையாகவே செய்ய வேண்டும். அவருடைய அலுவலகமே எதிர்கொள்ளும் ஒரு பிரச்சினையை ஆய்வாக எடுத்தால், களவேலையின் ஒரு பகுதியைக் கடமை நேரத்திலேயே செய்ய அனுமதிக்கும்படி திணைக்களத்தோடு பீடம் எழுத்தில் உடன்பாடு செய்யலாம். 9 ஆம் மட்டத்துக்கான உழைப்பை வாங்கிக்கொண்டு 10 ஆம் மட்டச் சான்றிதழைக் கொடுப்பது மாணவருக்கு இரக்கம் காட்டுவது ஆகாது. கலாநிதி ஆய்வுக்கு வெளிநாடு போகும்போது அந்தக் குறை அவர் தலையில்தான் விழுகிறது.

ஆவணங்களைக் கவனிக்காவிட்டால் அடுத்த மீளாய்வில் புள்ளி குறையும், அதற்கு யார் பொறுப்பு என்றும் கேட்பீர்கள். ஆவணங்களை விடச் சொல்லவில்லை. ஆய்வேட்டுப் பணியையே ஆவணமாக்குங்கள் என்கிறேன். மேற்பார்வைச் சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் குறிப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறை முன்னால் மாணவர் அளிக்கும் முன்னேற்ற உரை, பரீட்சகரின் அறிக்கையும் அதற்கு மாணவர் செய்த திருத்தங்களின் பட்டியலும், மூலத்தரவு எங்கே வைக்கப்பட்டுள்ளது என்ற பதிவு. இவற்றைவிட நல்ல சான்று எந்த மீளாய்வாளருக்கு வேண்டும்?

ஆசிரியர்களிடம் நான் கேட்பவை சில. மீளாய்வு அறிக்கையையும் அதற்குப் பீடம் தரும் பதிலையும் மாணவரும் பொதுமக்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பான பதவியையும் முடிக்கும் மாதத்தையும் எழுதுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் உடன்படித்தவரையும் பழைய மாணவரையும் வெளிப் பரீட்சகராக மாறிமாறி அழைக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்துங்கள். நிறைவேறிய ஆய்வேடுகளை நூலக அலுமாரியில் பூட்டாமல் இணையத்தில் திறந்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும். கமக்கார அமைப்புச் செயலாளரும் பிரதேச சபை உறுப்பினரும் அதைப் படித்துக் கேள்வி கேட்கும் நிலை வந்தால், அதுவும் ஒரு வெளி மீளாய்வே. மாணவர்களே, மேற்பார்வையாளர் நேரம் தரவில்லை என்றால் அதை மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை, கட்டணம் செலுத்தியதால் மட்டுமல்ல, 1,500 மணி நேரம் உழைப்பதாக ஒப்புக்கொண்டு பதிவு செய்ததாலும்.

அடுத்த மீளாய்வுக் குழு வரும்போது கோப்புகளுக்கு முன்னதாக, கடந்த மூன்று ஆண்டுகளில் நிறைவேறிய ஆய்வேடுகள் அனைத்தையும் மேசையில் வையுங்கள். அவற்றில் எவற்றைப் படிப்பது என்பதை அவர்களே தெரிவுசெய்யட்டும். படிக்க அவர்களுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பீடத்தின் வளர்ச்சியை விரும்பும் ஒருவர்,
கரவெட்டி